சொட்டைவாளைக்கு மின்சாரம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த மின்மீன்கள் பற்றிய கட்டுரையை, காட்பாடியிலுள்ள எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் உட்கார்ந்து படித்தோம். தமிழில் இப்படிப்பட்ட கட்டுரைகள் வருவதே அரிது என்பதால் முதலில் நன்றி. ஆனாலும் முப்பது ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்தியவன் என்ற முறையில், அதிலுள்ள இரண்டு பிழைகளைச் சுட்டாமல் விட மனம் வரவில்லை. ஒன்று படத்தைப் பற்றியது. மற்றொன்று கருத்தைப் பற்றியது.

கட்டுரையுடன் அச்சாகியிருந்த படம், மின்சாரம் வெளியிடும் தென் அமெரிக்கக் கத்திமீனின் படம் அன்று. அது நம் ஏரிகளில் வலையில் விழும் சொட்டைவாளை. முதுகு கூனி, உடல் தட்டையாகி, அடித்துடுப்பு வயிற்றிலிருந்து வால்வரை ஒரே நாடாவாக ஓடுவதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவது உண்மைதான். சிறுவயதில் ஏரி மீன்பிடி நாட்களில் கூடையில் கிடந்த சொட்டைவாளையை நானே பலமுறை வெறுங்கையால் எடுத்திருக்கிறேன். முள் குத்தியதுண்டு, மின்சாரம் தாக்கியதில்லை. தாக்கவும் முடியாது, ஏனெனில் அதற்கு மின்னுறுப்பே கிடையாது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், உருவத்தில் தென் அமெரிக்க மீனை ஒத்திருக்கும் சொட்டைவாளை, வம்சாவளியில் ஆப்பிரிக்காவின் யானைமூக்கு மீன்களுக்கே நெருங்கிய உறவு. அந்த ஆப்பிரிக்க மீன்கள் மின்சாரம் உண்டாக்குகின்றன. சொட்டைவாளையின் ஆப்பிரிக்கப் பங்காளிகள் சிலவற்றுக்கு மின்சாரத்தை உணரும் திறன் மட்டும் உண்டு. நம் ஊர்ச் சொட்டைவாளைக்கோ அதுவும் இல்லை. படம் மாறியதால் ஏரிக்கரைப் பிள்ளைகள் ஓர் அப்பாவி மீனைக் கண்டு அஞ்சக்கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

இரண்டாவது பிழைதான் பெரியது. விலாங்கு போன்ற மின்மீன் அதிர்ச்சி தந்து இரையைக் கொல்கிறது, மற்ற சிறு மின்மீன்கள் அந்த அளவுக்கு வளராத பலவீனர்கள் என்ற பொருள்பட அக்கட்டுரை முடிந்திருந்தது. உண்மை இதற்கு நேர்மாறானது. அமேசானின் மின்விலாங்கு, 860 வோல்ட் வரை வெளியிடக்கூடியது என 2019-இல் அளவிடப்பட்ட அந்த அசுரன், விலாங்கு இனமே அன்று. அதுவும் ஒரு கத்திமீன்தான். அதன் சுற்றத்தில் ஏனைய எல்லா இனங்களும் ஒரு வோல்ட்டை எட்டுவதே அரிதான மெல்லிய மின்சாரத்தைத் தண்ணீரில் விட்டு, அதன் உதவியால் இருட்டில் வழி கண்டு, தம்முள் பேசிக்கொள்கின்றன. பேச்சாகப் பயன்பட்ட ஒன்று ஒரே ஒரு கிளையில் ஆயுதமாகவும் வலுத்தது என்று சொல்வதே பொருத்தம்.

இதைப் புத்தகத்தில் படித்துத்தான் நானும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். காதால் கேட்டது சென்ற ஆண்டுதான். என் பேரனுக்காக வேலூரில் வண்ணமீன் கடை ஒன்றில் பிளாக் கோஸ்ட் என்ற கறுப்புக் கத்திமீன் ஒன்றை வாங்கினோம். பையில் பிடித்துக் கொடுத்த பையன், "கரண்ட் அடிக்கும் சார், தொட்டியில கைய விடாதீங்க" என்று எச்சரித்தான். கையை விட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பிறகு தீர்ந்துபோன இரண்டு பென்சில் பேட்டரிகளை உடைத்துக் கரிக்கம்பிகளை எடுத்து, தொட்டியின் இரு முனைகளிலும் தண்ணீரில் நிறுத்தி, அவற்றிலிருந்து ஒயர் இழுத்து, பேட்டரியில் ஓடும் ஒரு பழைய மைக் ஆம்ப்ளிஃபயரில் இணைத்தோம். முதலில் கேட்டதெல்லாம் 'ம்ம்ம்' என்ற வீட்டு மின்சாரத்தின் இரைச்சல்தான். தொட்டியின் காற்று மோட்டாரையும் விளக்கையும் நிறுத்தி, பிளக்கையும் உருவியபின், அந்த இரைச்சலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு கூரிய விசில் ஒலி தெளிவாக எழுந்தது. பேரனின் செல்போனில் சுருதி பார்க்கும் செயலி அதை ஆயிரம் ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே காட்டியது. மீன் நீளவாக்கில் கரிக்கம்பிகளை நோக்கித் திரும்பும்போது ஒலி ஏறியது. குறுக்காக நின்றபோது தேய்ந்தது. ஆனால் சுருதி மட்டும் அசையவில்லை. இரவு பதினொரு மணிக்கு எழுந்து வந்து கேட்ட பேரன், "தூங்கும்போதும் பேசுதா தாத்தா?" என்றான். ஆம், இம்மீன் பிறந்தது முதல் சாவது வரை அந்த ஒலியை நிறுத்துவதில்லை. தண்ணீர் சூடானால் சுருதி சற்று ஏறும். சித்திரை மாதத்து வேலூரில் இதை மெய்ப்பிக்கத் தனியாக ஹீட்டர் எதுவும் தேவைப்படவில்லை.

அந்த விசில் எங்கிருந்து வருகிறது என்பதே இம்மீன்களின் உடலியலில் மிகச் சுவையான பகுதி. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் தாளக்காரர் போல அடித்துக்கொண்டே இருக்கிறது. அதன் ஒவ்வோர் அடியும் தண்டுவடம் வழியாக இறங்கி மின்னுறுப்பை ஒருமுறை இயக்குகிறது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையிலான காலம் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடப் பிசகுவதில்லை. உயிருலகில் இதைவிடத் துல்லியமான தாளத்தைக் காண்பது அரிது. பெரும்பாலான மின்மீன்களில் மின்னுறுப்பு என்பது சுருங்கும் வேலையை விட்டுவிட்ட தசைச் செல்களின் அடுக்கு. ஒவ்வொரு செல்லும் ஒரு பக்கச் சவ்வில், சோடியம் அயனிகளை உள்ளே விடும் வாயில்களான சோடியம் கால்வாய்களைத் திறந்து, ஏறத்தாழ பத்தில் ஒரு வோல்ட்டை உண்டாக்குகிறது. டார்ச் லைட்டில் செல்களை வரிசையாகப் போடுவதுபோல அவை வாலில் வரிசையாக நிற்பதால் மின்னழுத்தங்கள் கூடுகின்றன. மின்விலாங்கில் இந்த வரிசையில் பல ஆயிரம் செல்கள் உண்டு. எங்கள் தொட்டியிலுள்ள பிளாக் கோஸ்ட்டின் குடும்பம் இதற்கும் விதிவிலக்கு: குஞ்சுப் பருவத்தில் தசையிலிருந்து உண்டான உறுப்பு மறைந்து, வளர்ந்தபின் தண்டுவட நரம்பிழைகளே மின்னுறுப்பாகிவிடுகின்றன. இடையில் தசை இல்லாததால்தான் நொடிக்கு ஆயிரம் அடிகள் அதற்குக் கூடிவருகிறது.

1859-இல் வெளிவந்த தம் நூலில் டார்வின், மீன்களின் மின்னுறுப்புகளைத் தம் கொள்கைக்குத் தனிச்சிக்கலான ஒன்றாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். அதிர்ச்சி தரும் அளவுக்கு வளர்ந்த பின்னரே பயன்படும் உறுப்பு என்றால், பாதி வளர்ந்த நிலையில் அதனால் என்ன பயன் என்பதுதான் அக்கேள்வி. இதற்கு விடை கிடைக்க ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஹான்ஸ் லிஸ்மன், ஆப்பிரிக்காவின் ஜிம்னார்கஸ் மீன் முன்னோக்கி நீந்துவதைப் போலவே பின்னோக்கியும் எதிலும் முட்டாமல் நீந்துவதைக் கண்டு, அதன் வாலிலிருந்து இடைவிடாத மின்துடிப்புகள் வெளிவருவதை 1951-இல் அறிவித்தார். பின்னர் 1958-இல் மேச்சின் (Machin) என்பவருடன் சேர்ந்து அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் நுண்துளைப் பானைகளில், ஒன்றனுள் வெறும் தண்ணீரையும் மற்றொன்றனுள் தண்ணீரோடு கண்ணாடித் தண்டையும் வைத்து, எந்தப் பானையின் பின்னால் உணவு கிடைக்கும் என்று மீனைப் பழக்கினார்கள். பானைக்குள் என்ன இருக்கிறது என்பதை மீன் வெளியிலிருந்தே கண்டுகொண்டது. நம் கரிகிரியின் மெருகிட்ட பானை இதற்கு உதவாது. தண்ணீரில் ஊறி மின்சாரத்தை உள்ளே விடும் சாதாரண மண்பானைதான் வேண்டும். மெல்லிய மின்சாரமே பார்வையாகவும் பேச்சாகவும் பயன்படும்போது, பாதி வளர்ந்த உறுப்பு என்று எதுவும் இல்லை. டார்வினின் சிக்கல் இங்கேதான் அவிழ்ந்தது.

இவ்வுறுப்பு தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் தனித்தனியே தோன்றியது. ஆனால் இரண்டு இடங்களிலும் இயற்கை எடுத்தாண்ட கச்சாப்பொருள் ஒன்றே என்பது 2006-இல் ஹெரால்ட் ஸேக்கன் குழுவினரின் ஆய்வால் தெரியவந்தது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் மீன்களின் முன்னோர் ஒன்றில் மரபணுத் தொகுதி முழுவதுமே இரட்டித்தபோது, தசையின் சோடியம் கால்வாய்க்கு உரிய மரபணுவும் இரண்டு படிகளாயிற்று. ஒன்று தசையை ஓட்டிக்கொண்டிருக்க, மற்றொன்று மின்மீன்களின் இரு வம்சங்களிலும் தசையை விட்டு விலகி மின்னுறுப்புக்கு உரியதாகி, வேகமாக மாறத் தொடங்கியது. நமக்கு இந்த மரபணு ஒரே படிதான். அதில் பிழை நேர்ந்தால் சிலருக்குத் தசை இறுகுகிறது. சிலருக்குச் சில மணி நேரம் கைகால் அசையாமல் போய்விடுகிறது. இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறை 1949-இல் தொடங்கப்பட்ட இந்த வேலூரில், இத்தகைய நோய்களைக் கேள்விப்படாத மருத்துவ மாணவர் இருக்க மாட்டார். மனிதனில் நோயாகும் இடத்தில் மீனுக்குப் புதுக்குரல் கிடைத்ததற்குக் காரணம், வீட்டில் இரண்டாவது படி ஒன்று இருந்ததுதான்.

இனிப் பேச்சுக்கு வருகிறேன். தண்ணீரில் இந்த மின்புலம் ஒலியைப் போல எதிரொலிப்பதில்லை. ஆனால் விரைவாகத் தேய்கிறது. தூரம் இரட்டித்தால் அதன் வலிமை எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே இது பக்கத்தில் நின்று பேசும் பேச்சு. ஓரிரு மீட்டருக்கு அப்பால் எடுபடாது. உப்பு குறைந்த நன்னீரில்தான் இந்த அளவாவது எடுபடும். தோல் கழிவு கலந்து உப்பேறிய நம் பாலாற்றுக் குட்டைகளில் இம்மீனை விட்டால் அதன் குரல் இன்னும் சுருங்கிப்போகும். தொட்டியில் கைப்பிடி கல்லுப்பு போடச் சொல்லும் கடைக்காரர்களும் இதைக் கவனிப்பது நல்லது. ஆப்பிரிக்காவின் யானைமூக்கு மீன்கள் விட்டுவிட்டுத் துடிக்கும். ஒவ்வோர் இனத்துக்கும் துடிப்பின் வடிவம் வேறு. அத்துடிப்பைக் கேட்பதற்கென்றே தோலில் தனி உணர்வேற்பிகள் உண்டு. தான் துடிக்கும் கணத்தில் மூளை அந்தப் பாதையை ஒரு நொடியின் சிறு பங்கு அடைத்துவிடுவதால், அங்கே வந்து சேருவதெல்லாம் பிறர் குரல் மட்டுமே. கயானாவின் ஓடைகளில் ஆய்வு செய்த கார்ல் ஹாப்கின்ஸ், ஸ்டெர்னோபைகஸ் என்ற கத்திமீனில் ஆணின் சுருதி தாழ்வாகவும் பெண்ணின் சுருதி உயர்வாகவும் இருப்பதையும், பெண் கடந்து செல்லும்போது ஆண் தன் ஒலியை ஏற்றி இறக்கிக் குரல் கொடுப்பதையும் 1972-இல் எழுதினார். ஆணின் ஹார்மோனைச் செலுத்தினால் பெண் மீனின் துடிப்பும் ஆண் துடிப்பைப் போல நீண்டுவிடுவதை, ஓர் ஆப்பிரிக்க மீனில் அவரும் ஆண்ட்ரூ பாஸும் 1983-இல் காட்டினார்கள்.

இசை அறிந்தவர்களுக்கு ஒரு செய்தி. தம்புராவின் இரண்டு தந்திகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் இருந்தால் விம்மல் கேட்கும். அது மறையும்வரை நாம் முறுக்காணியைத் திருகுகிறோம். ஐகன்மேனியா என்ற கண்ணாடிக் கத்திமீன்கள் இரண்டு சந்திக்கும்போது இதற்கு மாறாகச் செய்கின்றன. 400 ஹெர்ட்ஸுக்கும் 404 ஹெர்ட்ஸுக்கும் இடையே எழும் விம்மல் இரண்டின் 'பார்வை'யையும் கெடுப்பதால், தாழ்ந்தது இன்னும் தாழ்கிறது, உயர்ந்தது இன்னும் உயர்கிறது. 1963-இல் ஜப்பானில் வாடனாபேயும் டகேடாவும் கண்ட இந்த ஒதுங்கலை வால்டர் ஹைலிகன்பர்க் மூளைக்குள் நரம்பணு நரம்பணுவாகப் பின்தொடர்ந்தார். இதற்காக அம்மீன், தோலின் வெவ்வேறு இடங்களுக்கு இடையே ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவான கால வேறுபாட்டைக் கணக்கிடுகிறது. கடல் கடந்து வாழும் ஜிம்னார்கஸும் இதே வித்தையைத் தானாகவே கற்றிருக்கிறது.

ஒட்டுக்கேட்போரும் உண்டு. நம் தேளி, கெளுத்தி இனங்கள் எல்லாவற்றுக்கும் மெல்லிய, தாழ்ந்த அதிர்வெண் மின்சாரத்தை உணரும் நுண்குழிகள் தோலில் இருக்கின்றன. தடை செய்யப்பட்டும் நம் வட ஆற்காட்டுப் பகுதியில் திருட்டுத்தனமாக வளர்க்கப்படும் ஆப்பிரிக்கக் கெளுத்தி, தன் சொந்த ஊரில், ஆண் யானைமூக்கு மீனின் நீண்ட துடிப்பில் கலந்திருக்கும் தாழ்ந்த அதிர்வுகளைக் கேட்டு அதை வேட்டையாடுகிறது. பெண்ணை அழைக்க நீட்டிய குரலே எமனுக்கும் வழிகாட்டுகிறது. தென் அமெரிக்கக் கத்திமீன்கள் பலவற்றில் துடிப்பு மேலும் கீழுமாக இரு பாகங்களாக அமைந்து, அவற்றின் தாழ்ந்த அதிர்வுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதற்குக் காரணம் இப்படி ஒட்டுக்கேட்கும் எதிரிகளே என்று பிலிப் ஸ்டாடார்ட் 1999-இல் வாதிட்டார். இந்த வாதம் எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது.

எனவே, அடுத்த மாணவர் பக்கத்தில் படத்தை மாற்றி, சிறிய மின்மீன்களைப் பற்றிய அந்தக் கடைசிப் பத்தியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கரிக்கம்பிச் சோதனையைச் செய்ய விரும்பும் பள்ளிகள் ஆம்ப்ளிஃபயரைப் பேட்டரியில் மட்டுமே ஓட்ட வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் வீட்டு மின்சாரம் விளையாட்டன்று. மோட்டாரை நிறுத்தியே கேட்க வேண்டும் என்பதால், ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல், மறக்காமல் மீண்டும் போட்டுவிடவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.