பட்டறையில் இருப்பதெல்லாம் பதுக்கல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெங்காய விலை ஏறும்போதெல்லாம் 'வியாபாரிகளின் பதுக்கலே காரணம்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. சென்ற வாரம் உங்கள் இதழிலும் அதையே படித்தேன். சின்ன வெங்காயம் விளையும் பெரம்பலூர் மாவட்டத்துக்காரன் நான். பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

எங்கள் பக்கம் வயற்காடுகளில் பட்டறை போட்டு வெங்காயத்தை வைப்பார்கள். அடியில் காற்றோட்டம், மேலே கீற்று, அவ்வளவுதான். அறுவடை ஊர் முழுக்க ஒரே சமயத்தில் வரும். சாம்பாருக்கோ வருடம் பூராவும் வெங்காயம் வேண்டும். எல்லோரும் பிடுங்கிய கையோடு விற்றால் அன்றைக்கு விலை அடிமட்டத்துக்குப் போகும், மூன்று மாதம் கழித்துச் சந்தையில் சரக்கே இருக்காது. அடுத்த பட்டத்துக்கு நடவேண்டிய விதை வெங்காயமும், ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ, இப்படி இருப்பு வைத்ததிலிருந்துதான் வருகிறது.

'25 ரூபாய்க்கு வாங்கியதை 50-க்கு விற்கிறான், பாதிக்குப் பாதி லாபம்' என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் கிலோ 25 ரூபாய் வீதம் 1,000 கிலோ வாங்கி வைக்கிறார். ஈரம் வற்றியும் அழுகியும் 300 கிலோ கழிந்தால், மிஞ்சிய 700 கிலோவுக்கு அடக்கவிலையே 35 ரூபாய் 70 காசு. தரம் பிரிக்கும் கூலி, சாக்கு, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, மண்டி கமிஷன், போட்ட பணத்துக்கு வட்டி எல்லாம் இதற்குமேல். இவ்வளவு ஆயிற்றே என்று சந்தை அவருக்கு இரங்காது. அன்றைக்கு மைசூர்ப் பக்கத்து வரத்து கூடிவிட்டால் 15 ரூபாய்க்கும் தள்ளிவிட வேண்டியதுதான். விலையை ஏற்றுவது பேராசைதான் என்றால், அந்த மாதங்களில் அவர் ஏன் நட்டத்துக்கு விற்கிறார்?

2020 அக்டோபரில் சில்லறை வியாபாரிக்கு 2 டன், மொத்த வியாபாரிக்கு 25 டன் என்று மத்திய அரசு இருப்பு வரம்பு விதித்தது. 25 டன் என்பது பெரிய லாரி ஒன்றின் பாரம். எந்த நேரமும் இப்படி ஒரு உத்தரவு வரலாம் என்ற பயம் இருந்தால், அறுவடைக் காலத்தில் துணிந்து வாங்கி வைக்க யார் வருவார்? வாங்க ஆள் குறைந்தால் முதல் அடி விவசாயிக்கு. அரசே 2023-ல் வெங்காயக் கையிருப்பு இலக்கை 5 லட்சம் டன்னாக உயர்த்தியது. மலிவான காலத்தில் வாங்கித் தட்டுப்பாட்டுக் காலத்தில் விற்கத்தானே அந்த இருப்பு? அரசு செய்தால் பாதுகாப்பு, தனியார் செய்தால் குற்றமா?

வியாபாரத்தில் அநியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏலத்துக்கு வரும் நாலு பேர் முன்கூட்டியே பேசிவைத்து விலையை அமுக்குவது அநியாயம்தான்; எடையில் அடிப்பதும் அப்படியே. அதிகாரிகள் பார்க்க வேண்டிய இடம் ஏலக்களமும் தராசும். 2016-ல் வந்த இ-நாம் என்ற மத்திய அரசின் இணையவழி வேளாண் சந்தை போன்ற மின்னணு ஏலத்தில் வெளியூர்க்காரரும் விலை கேட்க வழியிருக்கிறது. அதை எங்கள் கிராமங்கள் வரை கொண்டுவரச் சொல்லி எழுதுங்கள்.

அடுத்த முறை வெங்காயம் 100 ரூபாயைத் தொட்டால், உங்கள் செய்தியாளரை ஒரு பட்டறைக்கு அனுப்பிவையுங்கள். அறுவடையின்போது விற்ற விலை என்ன, கழிவு எவ்வளவு என்று கேட்டு, அந்த இரண்டு எண்களையும் 100 ரூபாய்க்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பலூர் மாவட்டம்