எம்.எஸ். கண் மருத்துவம்: சீட் இருக்கிறது, கட்டிங் இருக்கிறதா?

தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலை மருத்துவக் கல்வி வாரியத்தினருக்கு,

வணக்கம்.

நீட் பிஜி கவுன்சலிங் நெருங்கினால், கண் மருத்துவம் எடுக்க நினைக்கும் பிள்ளைகள் சீனியர்களைத் தேடிப்பிடித்துக் கேட்பது ஒன்றைத்தான்: "அந்தக் காலேஜில் கட்டிங் எப்படி?" மூன்று வருடத்தில் எத்தனை கண்புரை அறுவையைச் சொந்தக் கையால் செய்ய விடுவார்கள் என்று அர்த்தம். கட்டணம், ஸ்டைபண்ட் எல்லாம் இணையத்தில் கிடைக்கும். இதற்கு மட்டும் வாட்ஸ்அப் வதந்திதான் கதி.

இரண்டு வருட டி.ஓ. (கண் மருத்துவ டிப்ளமோ) இடங்கள் பெரும்பாலும் எம்.எஸ். ஆகிவிட்டன. அப்போது டிப்ளமோவோடு மட்டும் மருத்துவக் கல்லூரி ஆசிரியர் வேலைக்குப் போக முடியாமல் இருந்ததால் அதில் நியாயமும் இருந்தது. புதுக் கல்லூரிகளும் வந்தன. பட்டம் பெரிதானது, இடம் கூடியது. அப்புறம்?

பல அறுவை அரங்குகளில் நடப்பது இதுதான். பேராசிரியர் ஃபேகோ, அதாவது அல்ட்ராசவுண்டால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் அறுவை, செய்வார். பிஜி மாணவர் மைக்ராஸ்கோப்பின் பக்கக் குழாயில் பார்த்துக்கொண்டிருப்பார். ரெக்சிஸ், அதாவது லென்ஸ் உறையை முன்பக்கம் வட்டமாகக் கிழிப்பது, பார்த்து வருகிற வித்தை இல்லை. கிழிசல் ஓரத்துக்கு ஓடப் பார்க்கும்; அந்த நொடியில் நிறுத்தி, விஸ்கோ என்ற ஜெல்லை நிரப்பி, முனையைத் திரும்ப நடுவுக்கு இழுக்க வேண்டும். விரலுக்குத் தெரிய வேண்டிய சங்கதி அது. கறிக்கடையில் ஆட்டுக்கண் வாங்கி வெட் லேப் என்ற பயிற்சிக்கூடத்தில் பழக்கலாம், பெரிய செலவில்லை. அதைக்கூட ஒழுங்காகச் செய்யாத துறைகள் உண்டு.

விளைவு, எம்.எஸ். முடித்தவர் கண்புரை அறுவை கற்கவே ஃபெல்லோஷிப் என்ற மேற்பயிற்சி தேடி மதுரைக்கும் ஹைதராபாத்துக்கும் அலைகிறார். விழித்திரை, குளுக்கோமா என்று மேலே போகிறவர்களுக்கான வழி அது. 2015–19 தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கண்புரையால் வருவது. அந்த ஒரு அறுவையைக் கூடத் தைரியமாகச் செய்யத் தெரியாத நிபுணரை வைத்துக்கொண்டு தாலுகா ஆஸ்பத்திரி என்ன செய்யும்?

நோயாளி பாதுகாப்பு என்பார்கள். சரி. ஆனால் எந்த டாக்டருக்கும் முதல் ஐம்பது கண்கள் என்று ஒன்று உண்டு. பக்கத்தில் பேராசிரியர் நிற்கும்போது அவை நடப்பது நல்லதா, யாருமில்லாத ஊரில் நடப்பது நல்லதா?

இடங்களைக் கூட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அனுமதி கொடுக்கும்போது துறையின் மொத்த அறுவைக் கணக்கோடு நிறுத்தாமல், பிஜி ஒருவர் தனியாகச் செய்தது எத்தனை, உதவியாளராக நின்றது எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். லாக்புக் என்ற பயிற்சிக் குறிப்பேட்டில் கையெழுத்து மட்டும் போதாது. அறுவை அரங்கப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கல்லூரிவாரியான அந்த எண்ணை கவுன்சலிங் தொடங்கும் முன் வெளியிடுங்கள். பிஜிகளுக்கான மூன்று மாத மாவட்டப் பயிற்சியையும் கண்புரை அறுவை முறையாக நடக்கும் மாவட்ட மருத்துவமனைகளில் போடுங்கள், ஓ.பி. சீட்டு எழுதியே அது கழிந்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
மாவட்டத் தலைநகர் ஒன்றில் பணிபுரியும் கண் மருத்துவர்