கோடு விழாத பெயர்

பிரிஸ்டல்
25 மே 2024

கண்ணம்மா,

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "ஏம்மா நீ ஓட்டுப் போடல?" என்று கேட்டதும் உன் குரல் இறுகிவிட்டது. "யார் வந்தா என்னம்மா, குப்பை வண்டி வர்ற நாள்ல வரும்" என்றாய். உனக்குப் பரீட்சை நேரம் என்று நான் மேலே ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து மனசுக்குள் உன்னோடு பேசிக்கொண்டேதான் இருக்கிறேன். இன்றைக்கு அப்பா கடைக்குப் போயிருக்கிறார், வீடு அமைதியாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

மே 2 வியாழக்கிழமை, நம் நகராட்சிக் கவுன்சில் தேர்தல் அன்றைக்கு, காலை ஆறரைக்கே வாக்குச்சாவடி வேலைக்குப் போய்விட்டேன். நம் தெருவைத் தாண்டி இருக்கும் அதே சர்ச் ஹால்தான். மேசை, நாற்காலி, மறைப்புத் தட்டி, கயிற்றில் கட்டிய பென்சில், முத்திரை வைத்த பெட்டி. ஏழு மணிக்குக் கதவு திறந்தால் இரவு பத்து வரை எங்களில் யாரும் வெளியே போக முடியாது. தயிர் சாதமும் நாரத்தங்காயும் கட்டிக்கொண்டு போயிருந்தேன், அங்கேயே ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டேன். போல் கிளார்க்கின் வேலை உனக்குத் தெரியும். வருகிறவர் பெயரும் முகவரியும் சொல்ல, நாம் பட்டியலில் தேடி, ஸ்கேல் வைத்து அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு போட்டு, சீட்டைக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க அதைத்தான் செய்தேன்.

நம் வீட்டு எண்ணுக்கு நேரே மூன்று பெயர். அப்பா ஏழரைக்கு வந்தார், அவர் பெயரில் கோடு விழுந்தது. கூட்டம் குறைந்த நேரத்தில் நானும் போட்டுவிட்டேன், என் பெயரிலும் கோடு. உன் பெயர் அப்படியே இருந்தது. தபால் ஓட்டு வாங்கியவர்களின் பெயருக்குப் பக்கத்தில் 'ஏ' என்று ஒரு எழுத்து இருக்கும். முதலில் அதைத்தான் தேடினேன். நீ தபாலில் அனுப்பிவிட்டு எனக்குச் சொல்ல மறந்திருப்பாயோ என்று ஒரு ஆசை. எழுத்து இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் கண் அங்கேதான் போய் நின்றது.

நீ நியூகாசிலில் படிக்கிற மாணவி. இரண்டு ஊரிலும் முகவரி இருந்தால் இரண்டு ஊரின் கவுன்சில் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம் என்று சட்டமே சொல்கிறது. நியூகாசிலிலும் அன்றைக்கே தேர்தல், கவுன்சிலுக்கும் உண்டு, வடகிழக்குப் பகுதிக்கு முதல் மேயரைத் தேர்ந்தெடுக்கவும் உண்டு. இரண்டு கையிலும் இருந்ததை இரண்டையும் விட்டுவிட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த முறைதான் நம் ஊரில் முதன்முதலாகப் போட்டோ அடையாள அட்டை கேட்டோம். பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வயதானவர்களின் பஸ் பாஸ் எல்லாம் செல்லும். பல்கலைக்கழக அட்டை செல்லாது, இளையவர்களின் ரயில் அட்டையும் செல்லாது. தாத்தா பாட்டி கையில் இருக்கும் அட்டையை ஏற்றுக்கொண்டு பேரப்பிள்ளைகள் கையில் இருப்பதை வேண்டாம் என்று சொல்வது எந்த நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் விதியைத்தான் சொல்ல வேண்டும், சொன்னேன். முகம் மூடிய ஒரு பெண் வந்தாள். அப்படி வருகிறவர்கள் கேட்டால் பெண் ஊழியர் ஒருவர் மறைவில் வைத்துத்தான் முகம் பார்க்க வேண்டும். தட்டிக்குப் பின்னால் துணியை விலக்கிச் சிரித்தாள். சரிபார்த்து முடித்தபின் மறுபடி கட்டிக்கொள்ளக் கண்ணாடியும் வைத்திருந்தோம்.

மத்தியானம் ஒரு பெண் வந்தாள், உன் வயசுதான் இருக்கும். கையில் கல்லூரி அட்டை மட்டும். இது செல்லாதும்மா என்றேன். முகம் சுருங்கிப் போய்விட்டாள். இனி எங்கே வரப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். இரவு பத்து மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது மூச்சிரைக்க ஓடி வந்தாள், கையில் பாஸ்போர்ட். வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் பெயரின் மேல் கோடு போடும்போது என் கை நடுங்கியது. அவளுக்கு அம்மா எங்கே இருக்கிறாளோ, இதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பகலில் எண்ணினார்கள். மொத்தம் 34 வார்டு, 70 இடம். கிரீன் கட்சிக்கு 34, லேபருக்கு 21, லிபரல் டெமாக்ரட்டுக்கு 8, கன்சர்வேட்டிவுக்கு 7. பெரும்பான்மைக்கு 36 வேண்டும், இரண்டு குறைந்தது. நம் ஆஷ்லி வார்டில் மூன்று இடமும் கிரீனுக்கே. அப்பா சோபாவில் சாய்ந்தபடி போனில் ஒவ்வொரு வார்டாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் கால் இரண்டையும் வெந்நீரில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

ஒன்றும் மாறாது என்கிறாயே, இந்த ஊரைக் கொஞ்சம் யோசித்துப் பார். 2006-ல் சவுத்வில் வார்டில் கிரீன் கட்சிக்கு முதல் கவுன்சிலர் வந்தார், ஊர் முழுக்க அந்த ஒருவர்தான். 2021-ல் கிரீனும் லேபரும் ஆளுக்கு 24 என்று சமமாக நின்றார்கள். இன்றைக்கு 34. இந்தச் செவ்வாய்க்கிழமை கவுன்சில் கூடித் தலைவராகத் தேர்ந்தெடுத்த டோனி டயர் அதே சவுத்வில் வார்டுக்காரர். பதினெட்டு வருஷம். நீ பிறந்து மூன்று வருஷம் கழித்து ஆரம்பித்தது, நீ டாக்டருக்குப் படிக்கும்போது இங்கே வந்து நிற்கிறது. உனக்கு அந்தக் கட்சி பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாருக்குப் போட்டேன் என்று அப்பாவிடமே நான் சொன்னதில்லை, உன்னிடமும் சொல்லப் போவதில்லை. வீட்டு வீடாகக் கதவைத் தட்டி, நாலு பேர் ஆறு பேராகிச் செய்த காரியம் என்பதைத்தான் சொல்கிறேன்.

மேயர் விஷயத்தையும் பார். 2012-ல் பத்து நகரங்களிடம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்று சொன்னது பிரிஸ்டல் மட்டும்தான். முதலில் ஜார்ஜ் ஃபெர்குசன், அப்புறம் 2016-லிருந்து மார்வின் ரீஸ். ஐரோப்பாவின் பெரிய நகரம் ஒன்றுக்கு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் கறுப்பின மேயர் அவர். உன்னைப் பள்ளிக்கூடத்தில் அவர் படத்தை வரையச் சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா? 2022-ல் மறுபடி கேட்டார்கள், 59 சதவீதம் பேர் மேயர் பதவியே வேண்டாம் என்றார்கள். அந்தப் பதவி இந்த மே மாதத்தோடு முடிந்துவிட்டது. இனி எட்டுக் குழுக்கள். கட்சிகளுக்கு இருக்கும் இடங்களின் விகிதப்படி குழுவிலும் உறுப்பினர்கள். வீடு, போக்குவரத்து, முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் என்று ஒவ்வொன்றும் ஒரு குழுவில் பேசி முடிவாக வேண்டும். பாதிக்கும் குறைவான இடம் வைத்திருக்கிற கட்சி, மற்றவர்களைக் கூட வைத்துக்கொண்டுதான் எதையும் நடத்த முடியும். இது நன்றாக நடக்குமா, இழுபறியில் போய் நிற்குமா என்பது போகப்போகத்தான் தெரியும். எனக்குக் கொஞ்சம் கவலை உண்டு. பர்மிங்ஹாம் கவுன்சில் போன செப்டம்பரில் கையில் காசில்லை என்று அறிவித்ததைப் பார்த்தபின் எந்த ஊர்க் கவுன்சிலும் பத்திரம் என்று நினைக்க முடியவில்லை. எதிர் வீட்டுப் பாட்டிக்குக் காலையில் வந்து குளிக்க வைக்கும் பெண் கவுன்சில் பணத்தில்தான் வருகிறாள். நாளைக்கு நீ ஆஸ்பத்திரியில் வேலை செய்யும்போது, உடம்பு தேறியும் வீட்டுக்கு அனுப்ப முடியாமல் கட்டிலில் கிடக்கும் கிழவரைப் பார்ப்பாய். வீட்டில் கவனிக்க ஆள் ஏற்பாடாகாததால்தான் அவர் அங்கே கிடப்பார். அப்போது தெரியும், கவுன்சில் என்பது குப்பை வண்டி மட்டும் இல்லை என்று.

2020 ஜூன் 7 எனக்கு மறக்கவில்லை. உனக்குப் பதினேழு வயசு. காலேஜ் கிரீன் புல்வெளியில் கறுப்பினத்தவருக்கு நியாயம் கேட்டுக் கூட்டம், கொரோனா பயம், போகாதே என்று நான் வாசலில் நின்று மறித்தேன். போனாய். அடிமை வியாபாரி கோல்ஸ்டனின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாய். "நூறு வருஷத்துக்கு மேல நின்னுதும்மா" என்றாய். எனக்குப் பயம் போய் உன்மேல் பெருமை வந்தது அன்றைக்குத்தான். இதே ஊரில்தான் 1963-ல் கறுப்பர்களையும் ஆசியர்களையும் பஸ்ஸில் நடத்துனர் வேலைக்கு எடுக்க மாட்டோம் என்றார்கள். ஜனங்கள் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று நின்றார்கள். நாலு மாசத்தில் கம்பெனி இறங்கி வந்தது. அதற்குப் பிறகு சேர்ந்த முதல் நடத்துனர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். நாம் இந்த ஊர் பஸ்ஸில் ஏறி உட்காரும்போது அந்த இடம் சும்மா கிடைத்தது இல்லை.

அடுத்த வருஷம், 2021 மே மாதம், உன் முதல் ஓட்டு. பென்சில் நீங்களே கொண்டுவாருங்கள் என்று சொன்ன கொரோனா தேர்தல். நீ உன் டப்பாவிலிருந்து பச்சைப் பென்சில் ஒன்றை எடுத்து, நன்றாகச் சீவிக்கொண்டு போனாய். அந்தப் பென்சில் இன்னும் சமையலறை டிராயரில்தான் இருக்கிறது. மளிகைச் சீட்டு எழுத எடுப்பேன், எழுத மனசு வராமல் வைத்துவிடுவேன்.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. காஸாவைப் பற்றி நீ பேசிய அன்றைக்கே தெரிந்துகொண்டேன், உனக்கு வந்தது சோம்பல் இல்லை, மனக்கசப்பு. ஆனால் அதே கசப்போடு எத்தனையோ பேர் அன்றைக்கு என் மேசைக்கு வந்தார்கள். கசந்த முகத்தோடு சீட்டை வாங்கிப் போய்ப் போட்டுவிட்டுத்தான் போனார்கள்.

நான் இங்கே வந்த முதல் வருஷம் உனக்குச் சொன்னதில்லை. விசாவில் இருந்தேன், இந்தியப் பாஸ்போர்ட். காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் இங்கே குடியிருந்தால் ஓட்டுப் போடலாம் என்று அப்பா படிவத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது நம்பவே இல்லை. இந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது, மளிகைக் கடையில் பேச வாய் வராது. அப்படிப்பட்டவளிடம் இந்த ஊரை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். போட்டுவிட்டு வெளியே வந்து பழக்கத்தில் இடது கை விரலைப் பார்த்தேன், மை இல்லை. அன்றைக்குத்தான் இங்கே ஒரு பெட்டியைப் பிரித்து அடுக்கலாம் என்று தோன்றியது. அதுவரை இரண்டு பெட்டி பிரிக்காமலே கிடந்தன.

ஊரில் பாட்டி ஏப்ரல் 19 அன்று ஆட்டோ பிடித்துப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலைப் படம் எடுத்து அனுப்பினாள், பார்த்தாய் இல்லையா? ஜூன் 4 வரை முடிவுக்குக் காத்திருக்கிறாள். நேற்றுப் பேசும்போது, "குழந்தை அங்க போட்டுச்சா?" என்று கேட்டாள். பரீட்சைம்மா என்று சொல்லிச் சமாளித்தேன். பாட்டியிடம் உனக்காகப் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, இப்போது காரியம். புதன்கிழமை பிரதமர் மழையில் நின்றுகொண்டு ஜூலை 4 பொதுத் தேர்தல் என்று அறிவித்துவிட்டார். நாடாளுமன்றத்துக்கு ஒரு இடத்தில்தான் போட முடியும். பிரிஸ்டலா நியூகாசிலா என்பதை நீயே யோசித்து முடிவு செய், நான் தலையிட மாட்டேன். இங்கே நம் தொகுதிக்கு இனி பிரிஸ்டல் சென்ட்ரல் என்று பெயர். மே 2-ல் இந்தத் தொகுதிக்குள் வரும் 14 கவுன்சில் இடங்களும் கிரீனுக்குப் போயிருக்கின்றன. அவர்கள் பக்கம் கார்லா டெனியர், லேபர் பக்கம் 2015-லிருந்து இங்கே எம்.பி.யாக இருக்கும் தங்கம் டெபனேர். அப்பா வழியில் இந்திய, இலங்கைத் தமிழ் வேர் உள்ளவர். வாக்குச்சீட்டில் தங்கம் என்று நம் பெயர் ஒன்று அச்சில் இருப்பதைப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு உள்ளே ஏதோ செய்யும். பெயருக்காக ஓட்டுப் போடச் சொல்லவில்லை. இரண்டு பேரையும் பற்றிப் படி.

நியூகாசிலில் போடுவதாக இருந்து அங்கே உன் பெயர் பட்டியலில் இல்லையென்றால் ஜூன் 18-க்குள் பதிய வேண்டும். இங்கே போடுவதாக இருந்தால் தபால் ஓட்டுக்கு ஜூன் 19 மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். போனிலேயே முடித்துவிடலாம், நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள், அது நீ விட்டுப்போன நீலக் கோப்பில் இருக்கிறது. இதோடு எழுதி அனுப்புகிறேன். சீட்டை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்பார்கள், உன் அறை முகவரியையே கொடு.

ஜூலை 4-க்கும் என்னைச் சாவடி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் தனியாகப் பார்சல் போட்டிருக்கிறேன். பரீட்சை முடிந்ததும் கூப்பிடு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அம்மா