வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி வழக்கம்போல் இருக்கிறது. பாக்கிதாரர்களின் பெயர்களை இங்கே வாசிக்கலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் தடையின்றி நடந்தன. அவற்றுள் ‘லேடி பீ குட்’ விமானம் பற்றிய கூட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஒரே மாலையில் முடிய வேண்டிய அந்தப் பேச்சு, அடுத்த மாதக் கூட்டத்தையும் விழுங்கிவிட்டது.

1943 ஏப்ரல் 4 அன்று லிபியாவில் பெங்காசிக்கு அருகிலுள்ள சொலூக் தளத்திலிருந்து, இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்க அமெரிக்காவின் பி-24 லிபரேட்டர் விமானங்கள் புறப்பட்டன. அவற்றில் ஒன்று இது. வில்லியம் ஹாட்டன் தலைமையில் 9 பேர். அந்தக் குழுவுக்கு அதுதான் முதல் போர்ப்பயணம். இலக்கின்மீது குண்டு வீசாமலே இருட்டில் தனியாகத் திரும்பினார்கள். நள்ளிரவுக்குப் பின் வானொலியில் திசை கேட்டார்கள். தரையிலிருந்த வளைய ஆன்டெனா, சமிக்ஞை எந்தக் கோட்டில் வருகிறது என்று காட்டுமே தவிர, அந்தக் கோட்டின் எந்த முனையிலிருந்து வருகிறது என்று காட்டாது. விமானம் அதற்குள் தளத்தைத் தாண்டித் தென்கிழக்கே போயிருந்தது. இன்னும் கடல்மீது வந்துகொண்டிருப்பதாகத் தளத்தில் எண்ணிவிட்டார்கள் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

எரிபொருள் தீரும் தறுவாயில், அதிகாலை 2 மணியளவில், 9 பேரும் பாராசூட்டில் குதித்தார்கள். மறுநாள் தேடியவர்கள் கடலில் தேடினார்கள். கிடைக்கவில்லை; கடலில் மூழ்கியதாக முடிவு செய்தார்கள்.

1958 நவம்பரில் எண்ணெய் தேடும் பிரிட்டிஷ் குழுவினர் வானிலிருந்து அதைக் கண்டார்கள். சொலூக்கிலிருந்து தென்கிழக்கே சுமார் 700 கி.மீ. தொலைவில், மணல்வெளியில் கிடந்தது. மறு ஆண்டு நேரில் சென்றவர்கள் பார்த்தபோது இயந்திரத் துப்பாக்கி சுட்டது, வானொலி வேலை செய்தது, உள்ளே உணவும் தண்ணீரும் இருந்தன. ஆட்கள்தாம் இல்லை. 1960 பிப்ரவரியில் ஐந்து உடல்கள் கிடைத்தன. உடன் துணை விமானி ராபர்ட் டோனரின் நாட்குறிப்பும் கிடைத்தது. அரைக் குடுவைத் தண்ணீரை நாளுக்கு ஒரு மூடி அளவு பங்கிட்டுக்கொண்டு, வடமேற்கே 130 கி.மீ.க்கு மேல் நடந்திருக்கிறார்கள். குறிப்பு ஏப்ரல் 12 அன்று நின்றுவிடுகிறது. இன்னும் மூவர் மேலே நடந்தார்கள். அவர்களில் வெர்னன் மூரின் உடல் மட்டும் அடையாளம் காணப்படவே இல்லை. ஒன்பதாமவரான ஜான் வொராவ்கா, பாராசூட் சரியாக விரியாததால் அன்றிரவே இறந்திருந்தார்.

கூட்டத்தில் சர்ச்சை கிளம்பியது இங்கேதான். விமானத்தில் இருந்த வழிகாட்டும் அதிகாரியின் (நேவிகேட்டர்) தலையில் எல்லாவற்றையும் கட்டினார் ஓர் உறுப்பினர். நான் அதை ஒப்பவில்லை. தேடியவர்களும் நடந்தவர்களும் ஒரே கணக்கில்தான் பிசகினார்கள்: விமானம் அவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கும் என்று இரு தரப்பாரும் எண்ணவில்லை. குதித்தவர்கள் கடற்கரை எட்டும் தொலைவில் இருப்பதாக நம்பி வடக்கே நடந்தார்கள். உணவும் தண்ணீரும் வானொலியும் இருந்த விமானமோ சில பத்து கிலோமீட்டர் தெற்கே கிடந்தது. அது அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. மேலதிகாரிகளை விட்டுவிட்டு ஓர் இளைஞனைக் குற்றவாளியாக்குவது எளிது.

விமானத்தின் பாகங்களைப் பொருத்திய மற்ற விமானங்களும் விபத்துக்குள்ளாயின என்ற ‘சாபக் கதை’யையும் ஒருவர் உற்சாகமாக அவிழ்த்தார். அதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றவில்லை; கோபித்துக்கொண்டிருந்தால் பொறுத்தருள்க.

விமானப்படையில் பணியாற்றிய நம் உறுப்பினர் சொன்ன செய்தி பலருக்குப் புதிது. போருக்குப் பின் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர்களை பெங்களூரு இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் செப்பனிட, நம் விமானப்படை அவற்றை 1968 வரை பயன்படுத்தியது. அதைப் பற்றி அவரே வரும் ஆண்டில் பேச இசைந்திருக்கிறார்.

நூலக அலமாரிக்குப் புதுப் பூட்டு வாங்கப்பட்டது. ஒலிபெருக்கியைப் பழுது பார்ப்பதா, புதிதாக வாங்குவதா என்பதைப் பேரவை இன்றே முடிவு செய்ய வேண்டும். இவ்வறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்