பாங்கோவ் பள்ளிக்கூடத்துச் சுவர்

அன்புள்ள மாப்பிள்ளை,

லைப்சிக்கில் ஆசிரியர் பயிற்சி தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். "பிள்ளைகளைக் கேள்வி கேட்க விட்டால் போதாதா மாமா, இதற்கு எதற்கு பாய்டல்ஸ்பாக் விதிகள் என்று இத்தனை நெறிமுறை?" என்றும் கேட்டிருந்தாய். போதாதுடா. ஏன் என்பதற்குப் பாங்கோவில் நடந்ததைச் சொல்கிறேன்.

1988, கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு பெர்லினின் பாங்கோவ் பகுதி. பள்ளியின் பெயர் கார்ல் ஃபொன் ஒசியெட்ஸ்கி. நாஜிகள் வதைமுகாமில் அடைத்த, அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற பத்திரிகையாளர் அவர். (பெயர் வைப்பதில் மட்டும் அரசுகள் என்றைக்கும் தாராளம்தான்.) அங்கே மாணவர்கள் தங்கள் கருத்தை எழுதி ஒட்டச் சுவரில் ஓர் இடம் ஒதுக்கினார்கள், தலைமையாசிரியர் அனுமதியோடு. யார் வேண்டுமானாலும் நின்று பேசக்கூடிய லண்டன் ஹைட் பார்க் மூலையை நினைத்து 'ஸ்பீக்கர்ஸ் கார்னர்' என்று பெயர். பிள்ளைகள் அதை நம்பிவிட்டார்கள். போலந்து வேலைநிறுத்தம் பற்றி ஒன்றை ஒட்டினார்கள். அக்டோபர் 7 தேசிய நாளுக்கு ராணுவ அணிவகுப்பு தேவையா என்று இன்னொன்று. அதற்கு முப்பதுக்கும் மேற்பட்ட கையெழுத்துகள்.

அப்புறம் விசாரணை, மிரட்டல். பெரும்பாலோர் கையெழுத்தை வாபஸ் வாங்கினார்கள். மசியாதவர்களை அரசு இளைஞர் அமைப்பிலிருந்து நீக்க வகுப்பிலேயே வாக்கெடுப்பு. நேற்றுவரை பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு எதிராகக் கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள். 4 பேரைப் பள்ளியை விட்டே அனுப்பினார்கள்.

அடுத்த ஆண்டு நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. 1963 முதல் கல்வி அமைச்சராக இருந்த மார்கோட் ஹோனெக்கர் போனார். 'குடிமையியல்' என்ற பெயரில் கட்சிப் பாடம் நடத்திய வகுப்பும் போனது. அந்த 4 பேரின் தண்டனையும் ரத்து. எல்லாம் சில மாதங்களில் முடிந்துவிட்டது. ஆனால் கை தூக்கிய பிள்ளைகளும், தூக்கச் சொன்ன வாத்தியார்களும் அதே ஊரில்தானே இருந்தார்கள்? கேள்விக்கு முன்பே பதிலைத் தெரிந்து வைத்திருப்பதுதான் அவர்கள் பழகிய படிப்பு. பாடப்புத்தகத்தை மாற்றினால் அது மாறிவிடுமா?

நீ அலுத்துக்கொள்ளும் பாய்டல்ஸ்பாக் விதிகள், அதாவது அரசியல் பாடத்தை எப்படி நடத்துவது என்ற நெறிகள், மேற்கு ஜெர்மனியில் 1976-இல் பிறந்தவை. யாரும் ஓட்டுப் போட்டு நிறைவேற்றியதில்லை. ஒரு கருத்தரங்கில் பேசியதை ஒருவர் எழுதி வைத்தார், அவ்வளவுதான். மாணவர் தலையில் உன் கருத்தைத் திணிக்காதே. அறிஞர்களும் அரசியல்வாதிகளும் சண்டை போடும் விஷயத்தை வகுப்பிலும் சண்டையாகவே காட்டு. மாணவன் தன் நிலைமையைத் தானே அலசக் கற்றுக்கொடு. வாத்தியார் வாய் திறக்கவே கூடாது என்று இதில் எங்கும் இல்லை. பலர் அப்படித் தப்பாகப் படித்துவிட்டுப் பயந்து சாகிறார்கள். "சார், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால் தாராளமாகச் சொல். அதற்கு ஒத்துப்போகிறவனுக்கு மார்க் கூடக்கூடாது, அவ்வளவே.

உனக்குச் சுத்தமாகப் பிடிக்காத கருத்தை நன்றாக வாதாடி எழுதிய பிள்ளைக்கு எத்தனை போட்டாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது. அங்கே 1 தான் முதல் மார்க், ஊர்ப் பழக்கத்தில் மாற்றிப் போட்டுவிடாதே.

அன்புடன்,
மாமா