விடுபட்ட ஒரு போர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கார்கில் வெற்றி நாளையொட்டித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், "1971-க்குப் பிறகு நம் வீரர்கள் போர்க்களத்தில் உயிர் துறந்தது 1999-இல்தான்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

1984 முதல் சியாச்சின் பனியில் செத்தவர்கள் எந்தக் கணக்கு? 1987 ஜூலையில் நம் பிரதமர் ராஜீவ் - இலங்கை அதிபர் ஜெயவர்த்தனே ஒப்பந்தம் கையெழுத்தாகி, இலங்கைக்குப் போய் விடுதலைப் புலிகளோடு சண்டையிட்ட நம் அமைதிப்படையில் சுமார் 1,200 பேர் திரும்பவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கிய காலாட்படைக்காரர்கள் 30 பேரில் 29 பேர் மாண்டார்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான பரம்வீர் சக்கரம் கொடுத்ததும் இந்தப் போருக்குத்தான். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் எப்படி விட்டுப்போனது?

என் அண்ணன் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சிப்பாய். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இறந்தார். உடல் வரவில்லை. சாம்பல் வந்தது, பின்னாலேயே கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அவர் நம்பரும் பெயரும். உள்ளே இரண்டு செட் யூனிஃபார்ம், ஷேவிங் செட், அம்மாவுக்கு எழுதி அஞ்சலில் சேர்க்காத இன்லண்ட் லெட்டர். அம்மா சாகும்வரை அந்தப் பெட்டியை யாரையும் நகர்த்த விட்டதில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிலேயே சிலர், "நம்ம ஜனங்களைச் சுடப் போனவன்தானே" என்று அம்மா காதுபடப் பேசினார்கள். 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அம்மாவின் பென்ஷன் விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்தப் போர் என்று கேட்டார்கள். யாழ்ப்பாணச் சண்டைக்கு ராணுவம் வைத்த பெயரைச் சொல்லி, 'ஆபரேஷன் பவன்' என்றேன். "அப்படி ஒரு போர் லிஸ்டில் இல்லையே, கார்கிலா பாருங்கள்" என்றார் அங்கிருந்தவர். அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

யாழ்ப்பாணத்து மக்கள் அந்த நாள்களில் பட்ட பாட்டை நான் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் கொல்லப்பட்டதும் தெரியும். அதை எழுதுங்கள், எழுதத்தான் வேண்டும். ஆனால் அங்கே போவதா வேண்டாமா என்று என் அண்ணனை யாரும் கேட்கவில்லை. அனுப்பியது டெல்லி. தப்பு நடந்தது என்றால் அனுப்பியவர்களைக் கேளுங்கள். போய்ச் செத்தவன் பேரைக்கூடச் சொல்லாமல் விடுவது என்ன நியாயம்?

சண்டை நடந்த நாட்டுக்காரர்களே கொழும்புக்குப் பக்கத்தில் அமைதிப்படைக்கு நினைவிடம் கட்டி, பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். நம் டெல்லியில் தேசியப் போர் நினைவிடம் 2019 பிப்ரவரியில்தான் திறந்தது. அங்கே தியாகச் சக்கரச் சுவரில் அண்ணன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துத் தொட்டுப் பார்த்தேன். அதைப் பார்க்க அம்மா இல்லை.

தங்கள் இதழை அந்தக் காலத்திலிருந்து வாங்கிவருகிறோம். அந்த உரிமையில் கேட்கிறேன். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். 1987 - 1990, இலங்கை என்று சேர்த்தால் போதும். பெரிய கட்டுரையெல்லாம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு சிப்பாயின் தம்பி,
வேலூர் மாவட்டம்.