பாந்த்ராவில் பாதிப் பேச்சில் எழுந்துபோன தம்பிக்கு

தம்பி,

உங்கள் பெயர்கூடக் கேட்கவில்லை. மும்பை பாந்த்ராவில், பேச்சு, செவிக் குறைபாடுகளுக்கான அலி யாவர் ஜங் நிறுவனத்தில், பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் அறைக்கு வெளியே, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். மடியில் தூக்கத்துக்குச் சிணுங்கிக்கொண்டு பையன். ஏழு மாதம் இருக்கும். போனில் அம்மாவிடம் நம்ம ஊர்ப் பேச்சில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்: "ஒரு வயசானதும் ஆபரேசன் பண்ணிட்டா சரியாயிரும்மா. அதுவரைக்கும் நாம ஒண்ணும் செய்யாண்டாம்." நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் வீடு. கைக்குழந்தையாக இருந்தபோது அவளும் 'ங்கா' என்றாள், சிரித்தாள். காது கேட்காத பிள்ளைகளும் முதல் சில மாதங்கள் அப்படித்தான் குரல் விடும் என்று எங்களுக்குத் தெரியாது. சந்தேகம் வந்தபோது என் அம்மா பின்னால் நின்று தாம்பாளத்தைத் தட்டினார். திரும்பினாள்! எல்லோருக்கும் நிம்மதி. அவள் திரும்பியது சுவரில் ஆடிய நிழலுக்கு. தெரு டாக்டர் ஒருவரும் "சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்றார். பெரா எடுக்கும்போது பதினான்கு மாதம். 90 டெசிபெல்லிலும் காதிலிருந்து பதில் இல்லை, தாளில் கோடு படுத்தே கிடந்தது. நிற்காமல் போகிற ரயிலின் பக்கத்தில் நின்றால் ஏறத்தாழ அந்தச் சத்தம்.

முதல் மாதத்துக்குள் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் உறுதி, ஆறாம் மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகமெங்கும் சொல்லும் கணக்கு. நீங்கள் எங்களைவிட எவ்வளவோ முன்னால் நிற்கிறீர்கள். அதை வீணாக்காதீர்கள்.

நாங்கள் வீணாக்கினோம். ஆபரேசனுக்கு நாள் கிடைக்கும்வரை பத்து மாதம் சும்மா இருந்தோம். கேட்காத பிள்ளையிடம் எதற்குப் பேச என்று வீடே மெல்ல அடங்கிப்போனது. தாகம் என்று சொல்ல அவளுக்கு வழியில்லை. தட்டைத் தூக்கி எறிவாள். பிடிவாதக்காரி என்று நாங்கள் பேர் வைத்தோம்.

ஆபரேசனுக்குப் பிறகு கருவியை முதன்முதலில் ஸ்விட்ச் ஆன் செய்த அன்று, வீடியோக்களில் வருவதுபோலச் சிரிப்பாள் என்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தேன். வீறிட்டு அழுது அவள் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு வயது நடக்கிறது, கேட்கும் வயது சுழியம் என்றார் ஆடியாலஜிஸ்ட். ஆபரேசனில் உள்காதில் பொருத்தும் காக்ளியர் கருவி சத்தத்தைத்தான் தரும். பொருளுக்கெல்லாம் பெயர் உண்டு என்பதையே அவள் அதற்குப் பிறகுதான் கற்கத் தொடங்கினாள்.

அதிலும் முதல் பெயர் காது வழியாக வரவில்லை. பேச்சுத் தெரபிக்கு சயானில் ரயில் ஏறி தாதரில் மாறிப் போவோம், மாற்றுத்திறனாளிகள் பெட்டியில். ஒருநாள் காது கேட்காத நாலைந்து பையன்கள், ஜன்னலுக்கு வெளியே பிளாட்பாரத்தில் நின்ற நண்பனோடு கையாலேயே வம்பளந்துகொண்டிருந்தார்கள். அவ்வளவு இரைச்சலிலும் அவர்கள் பேச்சுக்கு மட்டும் தடங்கலே இல்லை. ஒருவன் இவள் தலையில் ஒட்டியிருந்த காயிலை, அந்தக் கருவியின் வெளிவட்டைப் பார்த்தான். கன்னக்குழியில் விரலை வைத்துத் திருகி, இதுதான் உன் பேர் என்று காட்டினான். பாந்த்ரா வரும்வரை அதையே செய்துகொண்டு வந்தாள். அன்று இரவே வீட்டில் தண்ணீர், பால், போதும் எல்லாவற்றுக்கும் ஒரு கைச்சைகை வைத்தோம். தட்டு பறப்பது அந்த மாதத்தோடு நின்றது.

கை பேசினால் வாய் பேசாது என்று உங்களிடமும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை, இரண்டும் வந்தன. கருவியின் வெளியே மாட்டும் பகுதியான ப்ராசஸரைக் கழற்றிவிட்டால் அவளுக்கு இன்றும் ஒன்றும் கேட்காது. குளிக்கும்போது, ராத்திரி விளக்கை அணைக்கும்முன், ஜூஹு அலையில் நிற்கும்போது எங்களுக்குக் கைப்பேச்சுதான். டெல்லியில் இருக்கும் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையத்தின் அகராதி இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது.

அப்புறம் பாஷை. ஒரே மொழியில் பேசுங்கள் என்று ஒரு தெரபிஸ்ட் சொன்னதும் நாங்கள் எங்கள் ஓட்டை இந்தியில் ஆரம்பித்தோம். இந்தி தெரியாத என் அம்மா பேத்தியிடம் பேசுவதையே விட்டுவிட்டார். யோசிக்காமல் வாயில் வரும் மொழியில் பேசுங்கள் என்று வேறொரு தெரபிஸ்ட் சொன்ன பிறகுதான் வீட்டில் தமிழ் திரும்பி வந்தது. இப்போதும் 'வாளப்பளம்' என்பாள். தெருவில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்கிறோம், அதற்குக் காது காரணமில்லை.

சொந்தத்தில் கட்டினதால்தானே என்று கேட்பார்கள். என் மனைவி என் அத்தை மகள்தான். பரம்பரைக் காரணம் இருக்கலாம். அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் இப்படிப் பிறக்கிறது. பெண்டாட்டியை யாராவது குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் நீங்கள் குறுக்கே நில்லுங்கள், போதும்.

பணம்: மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் ஐந்து வயதுக்குள் விண்ணப்பித்தால் காக்ளியர் கருவி கிடைக்கும், வருமான வரம்பு உண்டு. அதற்கான மைய நிறுவனமே நாம் உட்கார்ந்திருந்த இடம்தான், அங்கேயே கேளுங்கள். பின்னால் கேபிள் அறும், காயில் போகும். அதற்கு இப்போதே மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

ஆபரேசனுக்கு முன் ஹியரிங் எய்ட் மாட்டிப் பார்ப்பார்கள். பிள்ளையின் காது வளர வளர, காதுக்குள் பொருந்தும் அதன் அச்சு, மோல்ட், தளர்ந்து விசிலடிக்கும். உடனே கழற்றிப் பெட்டியில் போடாமல் புது மோல்டுக்கு அளவு கொடுங்கள். மழைக்காலத்தில் ராத்திரி ஹியரிங் எய்டை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள்.

முக்கியமானதை விட்டுவிட்டேனே. ஹியரிங் எய்டில் போடும் அந்தப் பொத்தான் பேட்டரி. பையன் எல்லாவற்றையும் வாயில் வைக்கிற வயசு. பூட்டுள்ள பேட்டரி மூடி கேட்டு வாங்குங்கள், பழைய பேட்டரியையும் அலமாரி மேல்தட்டில் வையுங்கள். விழுங்கினானோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.